தாத்தா விரல் வைத்த பக்கம்

எங்கள் வீட்டு ஆங்கில அகராதிக்கு டுரியான் பிடிக்காது. ‘கீழை நாடுகளில் விளையும் பெரிய பழம், முள் தோல் உடையது, அருவருப்பான நாற்றம் வீசுவது, உள்ளூர்வாசிகள் விரும்பி உண்பர்’ என்று அதில் போட்டிருந்தது. பெரியப்பா அதை ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொன்னபோது தாத்தா கையில் ஒரு சுளையோடு உட்கார்ந்திருந்தார். “எழுதுனவன் பாலிக் பூலாவ் டுரியான் தோட்டத்துப் பக்கம் வந்திருக்க மாட்டான் லா” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்த சுளைக்குக் கை நீட்டினார். அந்த உள்ளூர்வாசிகள் நாங்கள்தான் என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை. யாரோ பாவம், நாற்றம் பிடித்த பழத்தைத் தின்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. டத்தோ கிராமாட்டில் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். தாத்தா, அவருடைய மூத்த மகனான பெரியப்பா, இளைய மகனான என் அப்பா, அம்மா, நான். அப்பாவுக்குப் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் முறை வேலை. வீட்டில் இருந்தால் தூங்குவார், விழித்தால் வேலைக்குப் போவார். ஆகவே இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை.

பெரியப்பா துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. தினமும் முழுக்கைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. தாத்தா முப்பது வருடம் மூட்டை தூக்கிய அதே கடலோரத்தில், நூறடி தள்ளி, மின்விசிறிக்குக் கீழே அவருடைய மேசை இருந்தது. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டவர். அந்தப் பிரியத்தையெல்லாம் சேர்த்து அகராதியின் மேல் கொட்டிவிட்டார் என்று அம்மா அடுப்படியில் என்னிடம் மட்டும் சொல்லுவாள்.

அகராதி அவருக்குப் பன்னிரண்டு வயதில் கிடைத்த பரிசு. ஆங்கிலப் பள்ளியில் வகுப்பில் முதலாவதாக வந்ததற்குக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பழசாகிப் போனதை யாரிடம் தள்ளுவது என்று தெரியாமல் கொடுத்துவிட்டார்கள் என்பது அப்பாவின் கட்சி. தலையணை கனம் இருக்கும். காக்கித்தாள் அட்டை, அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை. அதைத் தொடுவதற்குச் சட்டதிட்டங்கள் இருந்தன. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டக்கூடாது. மடித்து வைத்து எழுந்து போகக்கூடாது. எல்லாவற்றுக்கும் முதலில், கை கழுவ வேண்டும்.

இந்தக் கடைசிச் சட்டம் தாத்தாவுக்கும் உண்டு. தாத்தா வேலையை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. அவர் கையில் இப்போது ஒட்டிக்கொள்ள நிலக்கரியும் கிடையாது, சீனி மூட்டையின் பிசுக்கும் கிடையாது. இருந்தாலும் சாயங்காலம் அவர் அலமாரிப் பக்கம் நடக்கத் தொடங்கியதும் பெரியப்பா செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமலேயே, “அப்பா, கை” என்பார். தாத்தா மறுபேச்சில்லாமல் திரும்பிக் குழாயடிக்குப் போய், சவுக்காரம் போட்டுக் கழுவி, துண்டில் துடைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பெரியப்பாவிடம் காட்டிவிட்டு வருவார். அந்த உள்ளங்கைகள் எவ்வளவு கழுவினாலும் கறுத்துக் காய்த்துத்தான் கிடந்தன. பெரியப்பா நிமிர்ந்து பார்த்ததில்லை.

தாத்தாவுக்கு ஆங்கிலம் மட்டுமல்ல, எந்த எழுத்தும் தெரியாது. அவர் பார்த்தது படங்களை. அந்த அகராதியில் ஏறக்குறைய எல்லாப் பக்கத்திலும் தபால்தலை அளவில் கோட்டுப்படங்கள் இருந்தன. எந்தச் சொல்லுக்குப் படம் போடுவது, எதற்கு விடுவது என்பதில் அதற்கென்று ஒரு தனிப் புத்தி இருந்தது. நங்கூரத்துக்குப் படம் உண்டு, பட்டறைக்கல்லுக்கு உண்டு, ஆறு வகைத் தொப்பிகளுக்கு உண்டு. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சோற்றுக்கும் கிடையாது. பனிக்கு ஆறு வடிவங்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அது யாரோ வெள்ளைக்காரச்சி போட்ட கோலம் என்று தாத்தா வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார். மேலிருந்து விழுவது என்று பெரியப்பா விளக்கிய பிறகும், “கோலம் எப்பிடிடா மேலருந்து விழும்?” என்று கேட்டார்.

பொருள் சொல்வதிலும் அதற்கு ஓரவஞ்சனை இருந்தது. குதிரை என்றால் ‘நன்கறியப்பட்ட நாற்கால் விலங்கு’, நாய் என்றால் ‘நன்கறியப்பட்ட வீட்டு விலங்கு’, அவ்வளவுதான். தெரியாதவனுக்குத்தானே அகராதி, நன்கறியப்பட்டது என்று எழுதுவதற்கு ஒரு புத்தகம் எதற்கு என்று எனக்குத் தோன்றும். ஆனால் தென்னங்கள்ளுக்கும் கைலிக்கும் பாக்குக்கும் நாலு நாலு வரி. உதாரண வாக்கியங்களில் வரும் ஆண்கள் எல்லோரும் கப்பலேறினார்கள், வேட்டையாடினார்கள், கடிதத்துக்கு முத்திரையிட்டார்கள். வேலைக்காரன் விளக்கைக் கொண்டுவந்தான். சிறுமி அழுதாள். என் வயதுப் பெண் வேறெதுவும் செய்து நான் அதில் பார்த்ததில்லை.

இனி நான் அழுத கதைக்கு வருகிறேன்.

எங்கள் தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஆசிரியை ஒரு போட்டி வைத்தார். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களைச் சேகரித்துக்கொண்டு வர வேண்டும். சொல், அதன் பொருள், முடிந்தால் ஒரு படம், இவற்றை ஏட்டில் ஒட்டிவர வேண்டும். அதிகம் கொண்டுவருபவருக்குப் பரிசு. திங்கட்கிழமை கடைசி நாள். எனக்கு இது வெல்லம். வகுப்பில் வேறு யார் வீட்டிலும் தலையணை கனத்தில் அகராதி கிடையாது.

ஒரு வாரத்தில் ஆறு சொற்கள் சேர்த்தேன். கறி, கட்டுமரம், சுருட்டு, தேக்கு, மாங்காய், மிளகுத்தண்ணீர். மிளகுத்தண்ணீரை ‘காரமான இந்திய சூப்’ என்று எழுதியிருந்ததை அம்மாவிடம் சொன்னபோது, “ரசத்துக்கு வந்த வாழ்வப் பாரு” என்று ரசத்தைக் கரண்டியால் கலக்கிப் பார்த்தாள். கட்டுமரத்துக்கும் சுருட்டுக்கும் செய்தித்தாளிலிருந்து படம் வெட்டி ஒட்டினேன். வீடு முழுக்கக் காகிதத் துண்டுகள். கத்தரிக்கோலை எடுத்த இடத்தில் வைக்கவில்லை என்று அம்மா இரண்டு தடவை திட்டினாள். இந்தக் கத்தரிக்கோல் பின்னால் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகிறது.

சனிக்கிழமை என் தோழி ஒருத்தி தன்னிடம் ஏழு இருப்பதாகத் தொலைபேசியில் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்னும் இரண்டு வேண்டும், குறைந்தது சமமாக வர ஒன்றாவது வேண்டும் என்று புலம்பிக்கொண்டிருந்தேன். தாத்தா அதைக் கேட்டுவிட்டு, “கூலி இருக்குல்ல?” என்றார். “கப்பல் ஜெட்டில வெள்ளைக்காரன் எங்கள அப்பிடித்தானே கூப்புடுவான். கூலி, கூலின்னு. அது நம்ம வார்த்தைதான் லா. போட்டுக்க.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரியப்பாதான் செய்தித்தாளை மடக்கிவிட்டு, “அதெல்லாம் வேணாம். ஆறு போதும்” என்றார். ஏன் போதும் என்று கேட்டேன். “போதும்னா போதும்” என்று எழுந்து போய்விட்டார். ஏழு கிடைக்கக்கூடிய இடத்தில் ஆறு போதும் என்று ஒரு கிராணி சொல்லலாமா? பெரியப்பாவுக்கு என் வெற்றியில் அக்கறை இல்லை என்று முடிவு செய்தேன்.

மறுநாள் ஞாயிறு, சரஸ்வதி பூசை. எங்கள் வீட்டில் அன்று புத்தகங்களையெல்லாம் சாமிப் படத்துக்கு முன்னால் அடுக்கி வைத்துவிடுவோம். எல்லாவற்றுக்கும் அடியில் அகராதி. சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, பூ போட்டு, சூடம் காட்டிவிட்டால் மறுநாள் விஜயதசமி காலை வரை எந்தப் புத்தகத்தையும் யாரும் தொடக்கூடாது, படிக்கக்கூடாது. மற்ற வருடங்களில் எனக்கு மிகவும் பிடித்த சாமி சரஸ்வதிதான். படிக்காதே என்று சொல்கிற சாமி வேறு எது?

மறுநாள் காலை எங்கள் வீட்டுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. தாத்தா கண்ணை மூடிக்கொண்டு அகராதியைத் திறப்பார். திறந்த பக்கத்தில் ஒரு விரலை வைப்பார். விரலுக்கு அடியில் எந்தச் சொல் இருக்கிறதோ அதைப் பெரியப்பா வாசித்துப் பொருள் சொல்லுவார். அதுதான் அந்த வருடத்துக்கான சொல். எழுத்து தெரியாதவர் விரல் வைத்தால்தான் கள்ளத்தனம் இருக்காது என்று பெரியப்பா சிறுவனாக இருந்தபோது தொடங்கிவைத்தாராம். ஒரு வருடம் ‘நம்பிக்கை’ என்று வந்து எல்லோரும் மகிழ்ந்தோம். இன்னொரு வருடம் ‘வயிற்றுப்போக்கு’ வந்தது. அம்மா அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று அடம் பிடித்தாள்.

அந்த ஞாயிறு மதியம் பாயசம், வடை, சுண்டல் எல்லாம் முடிந்து வீடே படுத்துவிட்டது. தாத்தா சாய்வு நாற்காலியில். அம்மா கூடத்துத் தரையில். பெரியப்பா அறையில். நான் மட்டும் ஏழாவது சொல்லோடு விழித்திருந்தேன். மறுநாள் காலை பூசை முடிந்து பள்ளி வண்டி வருவதற்குள் தேடி எழுத நேரம் இருக்காது. சாமிக்கு என் நிலைமை தெரியும், மன்னித்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மேலே இருந்த புத்தகங்களை இறக்கி வைத்து, அகராதியை மடியில் எடுத்துக்கொண்டேன். கையெல்லாம் சந்தனமும் குங்குமமும் ஒட்டியது. கை கழுவும் சட்டமும் அன்று காற்றில் போயிற்று.

தேடிய இடத்துக்குப் போனேன். அங்கே சொல் இல்லை. சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது.

கிழிந்த ஓட்டை அல்ல. ஒரு சன்னல் மாதிரி, தீப்பெட்டி அளவில், நான்கு பக்கமும் நேராக வெட்டப்பட்டிருந்தது. அதன் வழியாக அடுத்த தாளில் இருந்த ஒரு படம் தெரிந்தது. முத்துகள் பதித்த சின்னக் கிரீடம். மேலே உள்ள சொல்லும் கீழே உள்ள சொல்லும் பத்திரமாக இருந்தன. நடுவில் இருந்தது மட்டும் போயிருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். பென்சிலை விட்டுப் பார்த்தேன். இந்த வீட்டில் பக்கத்தை மடித்தாலே உலகம் அழியும். இதில் யார் இப்படி வெட்டியிருப்பார்கள் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தாத்தா இருமினார். நான் அகராதியை மூடி, இருந்த இடத்தில் வைத்து, மற்றதையெல்லாம் மேலே அடுக்கி, பூவைப் போட்டுவிட்டு, தூங்குவது போல அம்மா பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன். பென்சிலை உள்ளேயே விட்டுவிட்டேன் என்பது சாயங்காலம்தான் நினைவுக்கு வந்தது. அதற்குள் எல்லோரும் விழித்துவிட்டார்கள். தாத்தா எங்கே திறப்பார் என்பதை இனி என் கட்டைப் பென்சில் முடிவு செய்யும். அன்று நான் சரஸ்வதியிடம் கேட்ட வேண்டுதலை வேறு எந்தப் பிள்ளையும் கேட்டிருக்காது. தாத்தாவின் கை ஒரு அங்குலம் தள்ளிப் போக வேண்டும், அவ்வளவுதான்.

போகவில்லை. விஜயதசமி காலை, நான் பள்ளிச் சீருடையில், ஈரத் தலையோடு நின்றேன். அம்மா சூடம் காட்டினாள். பெரியப்பா அலுவலகத்துக்கு உடுத்தித் தயாராக இருந்தார். அகராதியை எடுத்துத் தாத்தாவின் மடியில் வைத்தார். தாத்தா கண்ணை மூடி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்து, திறந்தார். புத்தகம் பென்சில் இருந்த இடத்தில் தானாகவே விரிந்தது. தாத்தாவின் ஆள்காட்டி விரல் காற்றில் ஒரு வட்டம் போட்டுவிட்டு இறங்கி, ஓட்டைக்குள் போய் நின்றது.

பென்சில் உருண்டு தரையில் விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

அம்மா குனிந்து பார்த்தாள். வெட்டிய சன்னல். அதைச் சுற்றிச் சிவப்பாக என் விரல் அடையாளங்கள், ஐந்தும் பத்தாக.

“பென்சில் யாருது?”

“என்னுது.”

“குங்குமம்?”

“நான்தான்.”

“இந்த ஓட்ட?”

“நான் இல்லம்மா.”

“பென்சிலு உன்னுது, கையி உன்னுது, கத்திரிக்கோல வாரம் பூரா கையில வச்சிக்கிட்டு சுத்துனதும் நீ. ஓட்ட மட்டும் தானா வந்துச்சா?” அம்மா சாமிப் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். “சாமி கும்புட்ட பொஸ்தகத்த எடுத்து வெட்டியிருக்கியேடி. பெரியப்பா மூஞ்சில நான் எப்பிடி முழிக்கறது?”

அது பெரியப்பா பேரில் எடுத்த வாடகை வீடு. நாங்கள் மூவரும் அவரோடு ஒட்டிக்கொண்டிருந்தோம். அம்மாவுக்கு அந்த எண்ணம் எப்போதும் உண்டு. அலமாரி மேலிருந்து ரோத்தான் பிரம்பை எடுத்தாள். கெண்டைக்காலில் இரண்டு விழுந்தது. ரோத்தான் வலிக்கும். ஆனால் செய்யாத தப்புக்கு வாங்கும் அடி வேறு விதமாக வலிக்கும். அதைவிட வலித்தது பெரியப்பா நின்ற நிலை. பக்கம் மடிந்ததற்குக் கூடம் அதிரக் கத்துகிறவர், ஓட்டையைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. ‘அடி’ என்றும் சொல்லவில்லை, ‘அடிக்காதே’ என்றும் சொல்லவில்லை. தரையில் கிடந்த என் பென்சிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. என் மேல் வந்த கோபத்தில்தான் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன்.

மூன்றாவது அடிக்கு அம்மா கை ஓங்கியபோது தாத்தா சொன்னார்.

“அடிக்காதம்மா. பிள்ள வெட்டல. அந்த ஓட்ட இவ பொறக்கறதுக்கு முன்னுக்கே இருக்கு.”

அம்மாவின் கை அப்படியே நின்றது. “ஒங்களுக்கு எப்பிடி மாமா தெரியும்?”

“எழுத்துதான் தெரியாது. படம் தெரியும் லா.” தாத்தாவின் விரல் இன்னும் ஓட்டைக்குள்தான் இருந்தது. “இங்க ஒரு ஆளு நிப்பான். இடுப்புல துண்டு. தலையில மூட்ட. கொஞ்சம் குனிஞ்சாப்புல நிப்பான். ஜெட்டில நம்ம ஆளுங்க நிப்பாங்கல்ல, அதே மாதிரி. பொஸ்தகம் வீட்டுக்கு வந்த அன்னிக்கே பாத்துட்டேன். மறுவாரம் வந்து பாத்தா ஆளக் காணோம்.”

பெரியப்பா மெதுவாக, நான் அவரிடம் கேட்டேயிராத ஒரு சின்னக் குரலில் சொன்னார்.

“நான்தாம்பா வெட்டுனேன்.”

“தெரியும் லா” என்றார் தாத்தா. “அப்ப வீட்டுல பிளேடு வச்சிருந்தது நீ ஒருத்தன்தானே. பென்சில் சீவ வாங்கிக் கொடுத்ததே நான்தான்.”

அவ்வளவுதான் பேச்சு. யாரும் யாரையும் கட்டிப் பிடிக்கவில்லை. தாத்தா, “சரி, பிள்ளைக்கி வண்டி வந்துரும். வார்த்தையப் படி” என்றார். பெரியப்பா அகராதிக்குப் பக்கத்தில் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். படிக்கவில்லை. “நீ படி” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அது வெகுநேரம் நிற்கவில்லை.

பெரியப்பாவின் இடத்தில் உட்கார்ந்து வாசிக்கும் பாக்கியம் முதல் தடவையாக எனக்குக் கிடைத்தது. கால் எரிந்தாலும் விறைப்பாக உட்கார்ந்தேன். தாத்தா விரலை எடுத்தார். ஓட்டையின் வழியாகத் தெரிந்த சொல்லை எழுத்துக்கூட்டி வாசித்து, பொருளைத் தமிழில் சொன்னேன். ‘பிரபுக்கள் தலையில் சூடும் சிறு கிரீடம்.’

“கிரீடமா? நல்ல வார்த்ததான்” என்றார் தாத்தா. “வயித்துப்போக்குக்கு இது எவ்வளவோ பரவால்ல.”

அம்மா ரோத்தானை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, என் காலில் தேங்காயெண்ணெய் தடவினாள். தடவும்போது மூக்கை உறிஞ்சினாள். மன்னிப்புக் கேட்கிற வழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியில் இரண்டு வடை கூடுதலாக இருந்தது.

எனக்கு மனசு ஆறவில்லை. வெட்டியவர் பெரியப்பா. ஒப்புக்கொண்டதும் அவர்தான். அப்படியானால் ரோத்தான் யாருக்கு? என்னை அடித்தபோது, உண்மை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றவருக்கு ஒரு கேள்வி கூட இல்லை. பள்ளி வண்டியில் போகும்போது இதையே நினைத்துக்கொண்டு போனேன். அவரும் என்னைப் போலப் பள்ளிப் போட்டிக்குப் படம் வெட்டியிருப்பார், மாட்டிக்கொள்ளப் பயந்து இத்தனை வருடம் ஒளித்திருப்பார் என்று கண்டுபிடித்தேன். துப்பறிந்துவிட்டதில் பெருமையாகவும் இருந்தது. போட்டியில் ஏழாவதாகக் கூலி என்று எழுதி, பொருளுக்கு ‘எங்கள் வீட்டு அகராதியில் ஓட்டை’ என்று எழுதினேன். ஆசிரியை சிரித்துவிட்டு அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. தோழிக்குத்தான் பரிசு.

இது நடந்து எவ்வளவோ வருடம் ஆகிவிட்டது. தாத்தா போய்விட்டார். சென்ற ஆண்டு சௌராஸ்தா சந்தை மாடியில், பழைய புத்தகக் கடையில் என் மகனுக்குப் பாடநூல் தேடிக்கொண்டிருந்தபோது, அடுக்கின் அடியில் அதே அகராதியைப் பார்த்தேன். அதே பதிப்பு, அதே தலையணை கனம். சொற்களைக் கைப்பேசியில் தட்டிப் பார்க்கிற காலத்தில் அதைச் சீண்ட ஆளில்லை. நின்ற இடத்திலேயே அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஆள் அங்கே இருந்தான்.

தபால்தலை அளவுதான். இடுப்பில் துண்டு, தலையில் மூட்டை, கொஞ்சம் குனிந்த நிலை. தாத்தா சொன்னதில் ஒரு கோடு கூடப் பிசகவில்லை. முகம் மட்டும் வரையப்படவில்லை. முகத்தின் இடத்தில் இரண்டு மூன்று கறுப்புக் கீறல்கள். பக்கத்தில் பொருள் எழுதியிருந்தது. ‘கீழை நாடுகளில் சுமை தூக்க அமர்த்தப்படும் உள்ளூர்க் கடைநிலை ஆள்.’ அதற்கு ஒரு உதாரண வாக்கியம். ‘பெட்டிகளைக் கூலிகள் சுமந்தனர், நாங்கள் பின்னால் நடந்தோம்.’

பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் பரிசு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருகிறான். சாயங்காலம் துறைமுகத்திலிருந்து திரும்பும் அப்பா, படம் பார்க்க அந்தப் புத்தகத்தைத்தான் கேட்பார். ‘இது யாருடா, என்ன எழுதியிருக்கு?’ என்று விரல் வைப்பார். அவனுக்கு வாசிக்கத் தெரியும். அதுதான் அவனுடைய கஷ்டம். நின்றபடியே எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைக்காரத் தம்பி பயந்துபோய், “வேணுமாக்கா? பழசுதான், ஆனா நல்ல கண்டிஷன் லா. ஒரு பக்கம் கூட கிழியல” என்றான். அதனால்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பெரியப்பா இப்போது ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டில்தான் இருக்கிறார். ஓட்டையுள்ள அகராதியும் இருக்கிறது. கடையில் பார்த்ததை அவரிடம் நான் சொல்லவில்லை.

ஆனால் அன்று, பத்து வயதில், எனக்கு இதெதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அன்று சாயங்காலம் நடந்ததுதான். தாத்தா வழக்கம் போல அலமாரிப் பக்கம் நடந்தார். பாதி வழியில் அவரே நினைவு வந்து குழாயடிக்குத் திரும்பினார். பெரியப்பா செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, “வேணாம்பா. வாங்க” என்றார். அகராதியை அவரே எடுத்துத் தாத்தாவின் மடியில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தாத்தா அந்தக் கறுத்த கையால் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பெரியப்பா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கை கழுவும் சட்டம் ஒழிந்தது என்று நான் துள்ளிக் குதித்தேன். முறுக்குத் தின்ற எண்ணெய்க் கையோடு ஓடிப்போய் நடுவில் புகுந்து ஒரு பக்கத்தைப் பிடித்தேன்.

“கையக் கழுவிட்டு வா!” என்று பெரியப்பா கூடம் அதிரக் கத்தினார்.

ஒரே வீட்டில் அவருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா? இதென்ன நியாயம் என்று முனகிக்கொண்டே குழாயடிக்குப் போனேன்.